முட்டை அட்டை, ரப்பர் கப்பு, என் வயிற்றெரிச்சல்

விழா தொடங்கும் வரை குப்பை, விழா நடக்கும் நாலு மணி நேரம் அலங்காரம், மறுநாள் காலையில் மறுபடி குப்பை: எங்கள் தொழிலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போர்ட் பிளேரின் ஜங்லிகாட் பகுதியில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேலே என் சித்தியின் கடை. முட்டை அட்டை, தண்ணீர் பாட்டில், கிழிந்த மீன்வலை, ஓடாத சுவர்க்கடிகாரம் என்று ஊர் கழித்துப்போட்டதெல்லாம் அங்கே வந்து சேரும். அதை வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்துப் பிறந்தநாள் மேடையாகவும் வீட்டு அலங்காரமாகவும் மாற்றிக் கொடுப்போம். பள்ளிக்கூடம் விட்டால் நானும் அங்கேதான். பெயர் சித்ரா, பன்னிரண்டாம் வகுப்பு. எனக்கு வெட்டவும் ஒட்டவும் சுமாராக வரும். யார் குரலில் வேண்டுமானாலும் பேச ரொம்ப நன்றாக வரும். சித்தப்பா குரலில் சித்தியிடமே டீ கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறேன்.

கடையில் இன்னொருத்தியும் உண்டு. ரேணுகா, பதினோராம் வகுப்பு. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். படிப்பதற்காக இங்கே மாமா வீட்டில் தங்கியிருக்கிறாள். பேச்சு குறைவு. ஆனால் நான் மூன்று மணி நேரம் மாங்கு மாங்கென்று செய்து வைத்ததை, போகிற போக்கில் ஒரு விரலால் கொஞ்சம் திருப்பி வைப்பாள், அது அழகாகிவிடும். உங்கள் வகுப்பிலோ ஆபீசிலோ இப்படி ஒருத்தி கட்டாயம் இருப்பாள். அந்த எரிச்சலை அனுபவித்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் நிம்மதியாக வேறு வேலை பார்க்கலாம்.

விஷயம் இதுதான். வருஷக் கடைசியில் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டை முழுக்க அலங்கரிக்கும் வேலை சித்திக்கு வந்தது. ஃபெர்ரியில் இரண்டு டிக்கெட், ஐந்து நாள் தங்கல். ஒரு டிக்கெட் சித்திக்கு. மற்றது யாருக்கு என்று கேட்டதற்கு சித்தி கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “கஸ்டமர் யாரு பேரச் சொல்லிக் கேக்காங்களோ அவளத்தான் கூட்டிட்டுப் போவேன். பெறவு எங்கிட்ட வந்து மூஞ்சத் தூக்கிட்டு நிக்கக் கூடாது, ஆமா.”

கப்பல் வராத பிறந்தநாள்

மின்னி பே பகுதியில் ஒரு பெங்காலி ஆன்ட்டி. பேரனுக்கு முதல் பிறந்தநாள். தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவிலேயே இருந்து பழகியதால் தமிழும் இந்தியும் சரிபாதியாகப் பேசுவார். பலூனும் மேடைத் துணியும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருவதாக ஏற்பாடு. கடல் சரியில்லை, கப்பல் வரவில்லை. கடையே இழவு வீடு மாதிரி இருந்தது. சூழ்நிலையை லேசாக்கலாமே என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கப்பல்துறை ஜெட்டியின் ஒலிபெருக்கிக் குரலில் “யாத்ரீகண் க்ருபயா த்யான் தே, சென்னையிலிருந்து வரும் கப்பல்…” என்று ஆரம்பித்தேன். சித்தி செருப்பைப் போட்டு மாடியிறங்கி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். திரும்பி மேலே வந்தபோது அதே செருப்பு அவள் கையில் இருந்தது.

நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் ரேணுகா முட்டை அட்டைகளைக் கிழித்து ஒவ்வொரு குழியையும் ஒரு பூவாக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஒரு முழுச் சுவருக்கு நீலமும் வெள்ளையுமாகப் பூ. பாதிப் பூக்கள் நான் வெட்டியவை என்பதை இங்கே பதிவு செய்கிறேன், ஏனென்றால் வேறு எங்கேயும் அது பதிவாகவில்லை. ஆன்ட்டி சுவரைப் பார்த்தார், ரேணுகாவின் கன்னத்தைப் பிடித்தார், பெயரைக் கேட்டார், சித்தியிடம் அந்தப் பெயரை மூன்று தடவை சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி உள்ளே குரல் கொடுத்தார்: “அரே, அந்த ஏணி புடிச்ச லட்கிக்கும் ஒரு சந்தேஷ் மிட்டாய் குடு, பாவம்.”

வாஷ்பேசின் பக்கம்

அடுத்தது ஒரு சர்க்கார் ஆபீசரின் ரிட்டயர்மெண்ட் விருந்து. ரேணுகாவின் அப்பா கச்சாலிலிருந்து ஒரு சாக்கு நிறைய பழைய ரப்பர் கப்பு அனுப்பியிருந்தார். மரத்தில் கட்டிப் பால் பிடிப்பார்களே, அந்தக் கப்பு. வெடித்தது, காதறுந்தது, கறை பிடித்தது. அவள் அதில் ஓட்டை போட்டு, உள்ளே சின்ன பல்பு வைத்துக் கவிழ்த்துத் தொங்கவிட்டாள். உள்ளே ஒட்டிக் காய்ந்திருந்த பால் படலம் வழியாக வெளிச்சம் தேன் நிறத்தில் இறங்கியது. பார்த்ததும் எனக்கு அடிவயிற்றில் ஒரு பல்பு எரிந்தது.

நான் செய்தது பழைய சி.டி.க்களைக் கோத்த ஒரு சரவிளக்கு. சித்தி சாமான் இறக்கப் போன நேரத்தில், என் சரவிளக்கை மேடைக்கு நேர் மேலே மாட்டினேன். அவளுடைய கப்பு விளக்குகளை ஹால் கடைசியில், வாஷ்பேசின் பக்கம் மாட்டச் சொன்னேன். “சித்திதான் சொன்னாங்க” என்று சித்தி குரலிலேயே உத்தரவைச் சொல்லிக் காட்டினேன். அவள் அப்படியே மாட்டினாள். விருந்து ஆரம்பித்து அரை மணி நேரத்தில் மொத்த ஹாலும் வாஷ்பேசினைச் சுற்றி நின்றது. செல்ஃபி எடுக்க வரிசை. குழந்தைகள், மாமிகள், பந்தி பரிமாறுகிறவர்கள் கூட. மேடையில் மாலையோடு தனியாக உட்கார்ந்திருந்த ஆபீசர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஏம்மா, என் நாற்காலியையும் அங்கயே கொண்டுபோய்ப் போட்டுரு. இந்த சி.டி. வேற கண்ணக் கூசுது.”

பெயர் எழுதிய சீட்டு

இனி என் பெயரை நானே பரப்பினால்தான் உண்டு என்று முடிவு செய்தேன். நொறுங்கிப்போன ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடி ஒன்று பட்டறையில் கிடைத்தது. அதைச் சுற்றிக் கடற்கரையில் பொறுக்கிய சங்கும் சிப்பியும் செத்த பவளத் துண்டும் ஒட்டி ஒரு சட்டம் செய்தேன். உண்மையிலேயே நன்றாக வந்தது. பின்பக்கம் ஒரு சீட்டில் ‘சித்ரா, ஜங்லிகாட்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். மாற்றலாகி மதுரைக்குப் போகிற டீச்சர் ஒருவர் அதை ஆசையாக வாங்கினார். சித்தியிடம் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அன்றைக்கு முழுக்க ரேணுகாவிடம் ஹேவ்லாக்கில் எந்த ஜன்னல் பக்கம் படுப்பேன் என்பதை விவரித்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தீவில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த ஒன்று இருக்கிறது: அனுமதிக் காகிதம் இல்லாமல் சங்கையும் பவளத்தையும் ஊரைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பவளத்தைக் கரையிலிருந்து எடுப்பதே தப்பு. எனக்கும் தெரியும். அவசரத்தில் மறந்துபோனேன், பொறாமைக்கு ஞாபகசக்தி குறைவு. மூன்றாம் நாள் ஏர்போர்ட்டிலிருந்து டீச்சரின் போன். பின்னால் யாரோ இந்தியில் அதட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வகுப்பில் பேசுகிற அதே நிதானத்தில் சொன்னார்: “சீட்டுல எழுதியிருக்குல்ல, அதனால ‘கோன் ஹை யே சித்ரா’ன்னு உன் பேரச் சொல்லித்தான் கேக்குறாங்க. வந்து பதில் சொல்றியா, இல்ல நானே சொல்லிரட்டுமா?”

மேனேஜர் பேசுகிறேன்

ஆக, நிலவரம் இது: ரேணுகாவின் பெயரை ஊரே சொல்லிவிட்டது. என் பெயரை ஏர்போர்ட் சொல்லியிருக்கிறது. மிச்சமிருந்தது என் தொண்டை மட்டும்தான்.

ரிசார்ட் மேனேஜர் சித்தியோடு போனில் பேசும்போது கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு “ஹாஞ்ஜி”. தொண்டையில் சளி கட்டிய குரல். கடைசியில் “கர் லோகே நா?”, அதாவது செய்துவிடுவாய்தானே, என்று ஒரு இழுப்பு. கீழே பட்டறை அண்ணனிடம் போனை வாங்கிக்கொண்டு, எவர்சில்வர் டம்ளரை வாயருகே பிடித்து, ரேணுகாவுக்குப் போட்டேன். “ஹாஞ்ஜி, மேனேஜர் போல் ரஹா ஹூம். மாதிரி பாக்கணும். தண்ணி பாட்டில்ல ஜெல்லி மீன் வேணும். முப்பது. பசை கூடாது, நூல் தெரியக் கூடாது. காத்துல அது நீந்தணும். சனிக்கிழமைக்குள்ள. கர் லோகே நா?” அன்றைக்குப் புதன். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அழுதுகொண்டே சித்தியிடம் போய், எனக்கு ஹேவ்லாக்கே வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். அவள் “முப்பது, சனிக்கிழமை” என்று ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, “சரிங்க சார்” என்றாள்.

வியாழன் காலையில் என் வீட்டு வாசலில் சாக்கோடு நின்றாள். பாட்டில் பொறுக்க ஆள் வேண்டுமாம். என் வாயால் நானே கொடுத்த ஆர்டருக்கு நானே ஜெட்டி ஓரமெல்லாம் குனிந்து குனிந்து இடுப்பொடிந்தேன். பாட்டிலின் கழுத்தை அவள் குடைபோலச் சூட்டில் வளைத்தாள். அடிப்பகுதியைச் சுருள் சுருளாக வெட்டி வால் ஆக்கினாள். நூலுக்குப் பதில் அறுந்த தூண்டில் நரம்பு. முதல் ஜெல்லி மீன் மின்விசிறிக் காற்றில் அசைந்தபோது நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அடுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “அந்த சாரு நல்லவருங்க அக்கா. இதுவரைக்கும் யாருமே எங்கிட்ட இவ்வளவு பெருசா ஒண்ணு கேட்டதில்ல.”

சனிக்கிழமை

சனிக்கிழமை நிஜ மேனேஜர் வந்து நின்றார். சாமான் வாங்க போர்ட் பிளேர் வந்தவர், அப்படியே கடையையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாடியேறிவிட்டார். நான் மேசைக்கடியில் கீழே விழாத ஒரு கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தேன். தலைக்கு மேல் முப்பது ஜெல்லி மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. மேனேஜர் அண்ணாந்து பார்த்தபடி ஒரு சுற்று சுற்றினார். “ஹாஞ்ஜி,” என்றார், “யே ஐடியா கிஸ்கா ஹை? யாரு யோசிச்சது?”

நீங்கள்தானே சார் போனில் கேட்டீர்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்தது. ரேணுகா மேசைக்கடியில் இருந்த என்னைக் காட்டினாள். “யோசன சித்ராக்கா. செஞ்சது நானு.” மேனேஜர் குனிந்து என் பெயரையும் கேட்டார், அவள் பெயரையும் கேட்டார், இரண்டு பெயரையும் சித்தியிடம் சொன்னார். சித்தி என்னையும் மேலே தொங்கியதையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் தீர்ப்பு சொன்னாள்: “ரெண்டு பேரையும் கேட்டுட்டாரு. ஆனா அங்க போயி இத மாட்டத் தெரிஞ்சவதான் வேணும். நீ கடையப் பாத்துக்கிடு. மூஞ்சத் தூக்காத.”

அவர்கள் ஃபெர்ரி ஏறிய அன்றைக்கு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டேதான் ஜெட்டிக்குப் போனேன், ஜெல்லி மீன் மூட்டையைச் சுமக்க. சித்தி டிக்கெட் காட்டப் போனபோது ரேணுகாவிடம் மெதுவாகக் கேட்டேன், எப்போது கண்டுபிடித்தாய் என்று. “போன எடுத்த ஒடனேயேங்க அக்கா. ஹேவ்லாக்குல இருந்து பேசுறவருக்குப் பின்னாடி நம்ம வெல்டிங் பட்டறை சத்தம் எப்புடி கேக்கும்?” பின்னே ஏன் செய்தாய்? அவள் மூட்டையை என் கையிலிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். “யோசன நல்லா இருந்துச்சே. அங்க போயி அடுத்து என்ன செய்யிறதுன்னு தெரியலன்னா மிஸ்டு கால் குடுக்குறேன், அந்த சாரு கொரல்லயே கூப்புட்டுச் சொல்லுங்க.”

முட்டை அட்டை, ரப்பர் கப்பு, தண்ணீர் பாட்டில் என்று எதையும் வீணாக்கத் தெரியாத அந்தப் பெண், ஆறு மாதமாக நான் சேர்த்து வைத்த வயிற்றெரிச்சலையும் வீணாக்காமல் ஹேவ்லாக்கில் கொண்டுபோய் முப்பது ஜெல்லி மீனாகத் தொங்கவிட்டுவிட்டாள்.