மூணு மணிக்கு வரும் பேர்

நாலு மாசமா எங்க பக்கத்து வீட்டுல நடமாடுன பேய் நான்தான். சிரிக்காதீங்க, சிரிக்கிற கதை இல்ல இது. என் பேரு பொன்னுத்தாய். கீழ்வேளூருக்குத் தெக்கால ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கேன். நடவு, களையெடுப்புன்னு கூலிக்குப் போறவ. புருசன் தவறிட்டாரு, ஒரே பையன் பரிதி கத்தாருல இருக்கான். ஆனா நான் சொல்ல வந்தது என்னைப் பத்தி இல்ல, பக்கத்து வீட்டுத் தலையாரி துரைக்கண்ணுவைப் பத்தி.

அந்த மனுசன் முப்பத்தாறு வருசம் எங்க ஊருக்குத் தலையாரியா இருந்தாரு. கவர்மெண்டுல அதுக்குக் கிராம உதவியாளர்னு பேரு, ஊருல ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. வரப்பு வரப்பா நடந்து, எந்த நம்பர் நெலத்துல யாரு என்ன சாகுபடி பண்ணியிருக்காங்கன்னு கண்ணால பாத்து, அடங்கல் கணக்குக்குச் சொல்ற வேலை. வி.ஏ.ஓ.ங்க வருவாங்க, மாறுவாங்க. இவரு மாறவே மாட்டாரு. ஒருத்தர் வீட்டு விசேஷத்துலயும் கை நனைக்க மாட்டாரு. செத்தவங்க பேருல பட்டா இருந்தா வாரிசுங்களை விரட்டி விரட்டிப் பேர் மாத்தச் சொல்லுவாரு, இல்லாத ஆளு பேரு ஏட்டுல இருக்கக்கூடாதும்பாரு. நல்லவருதான். ஆனா அப்படி ஒரு நல்லவரோட குடும்பம் நடத்துறது என்ன பாடுன்னு அவரு சம்சாரம் ராஜாத்தி அக்காவைக் கேட்டாத்தான் தெரியும்.

அவங்க வீடும் எங்க வீடும் ஒரு காலத்துல ஒரே வீடு. யாரோ அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறப்ப நடுவுல ஒரு ஒத்தைக்கல்லுச் சுவர் வச்சுட்டாங்க. கிழக்குப் பாதி அவங்களுது, மேற்குப் பாதி எங்களுது. அங்க தும்முனா இங்க கேக்கும். பதினோரு வருசத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் கொல்லையில மாட்டுக்கொட்டகை போட்டாரு. அது ரெண்டடி வாய்க்கால் புறம்போக்குல ஏறிடுச்சு. பக்கத்து வீடாச்சேன்னு பாக்காம இந்த மனுசன் எழுதிக் குடுத்து எடுக்க வச்சுட்டாரு. அன்னையோட ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னு போச்சு. அக்கா மட்டும் அவருக்குத் தெரியாம கொல்லைச் சுவர் மேலால மீன் குழம்பு நீட்டும். திருட்டுக் குழம்புக்குத்தாண்டி ருசின்னு சொல்லும்.

போன ஐப்பசியில நடவு நடுறப்ப என் போன் இடுப்புலேருந்து நழுவிச் சேத்துல விழுந்து செத்துப் போச்சு. பழைய பட்டன் போன் ஒண்ணு இருந்துச்சு, அதுல பேசலாம், முகம் பாக்க முடியாது. ரெண்டு மாசம் நான் பரிதி முகத்தைப் பாக்கல. ஒருநாள் கொல்லையில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தேன். அக்கா எட்டிப் பாத்துச்சு. மறுநாள் மத்தியானம் தன் போனையே சுவத்து மேலால நீட்டிடுச்சு. சிம்மை மட்டும் கழட்டி வச்சுக்கிச்சு.

"எங்க வீட்டு வைஃபை இதுலயே இருக்கு, அடுப்படிச் சுவத்தோரம் உக்காந்தா உனக்குத் தானா எடுக்கும். எனக்கு எதுக்குடி, மாலதி அவரு போன்லதான் கூப்புடுறா. பஸ்ஸுல தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கிறேன்."

மாலதி அவங்க மவ, தஞ்சாவூர்ல வாத்தியார் வேலை பாக்குது. அந்த வீட்டுக்கு நெட் போட்டுக் குடுத்ததே அதுதான்.

நான் வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு வார்த்தைதான். அப்புறம் வாங்கிக்கிட்டேன். பரிதிக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் நமக்கு மூணு மணி. அப்ப மட்டும் போனை ஆன் பண்ணுவேன், பேசி முடிச்சதும் ஆஃப் பண்ணி அரிசிப் பானைக்குப் பின்னாடி வச்சுடுவேன்.

அந்தப் பக்கம் அக்காவுக்கு ஆரம்பிச்சுது திட்டு. மவ வாத்தியார் சம்பாத்தியத்துல வாங்கிக் குடுத்த போனைத் தொலைச்சியே, கண்ணு எங்க இருந்துச்சு, புத்தி எங்க இருந்துச்சு, உன்னை நம்பி ஒரு சாமானைக் குடுக்க முடியுமான்னு சோறு போடுறப்பவும் திட்டு, காப்பி குடுக்குறப்பவும் திட்டு. எந்த பஸ்ஸு, எத்தனாவது சீட்டு, பக்கத்துல யாருன்னு விசாரணை வேற. அப்புறம் பேசுறதையே நிறுத்திட்டாரு. பதினெட்டு நாள். நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் பரிதி முகத்தைப் பாத்துக்கிட்டே அத்தனையும் கேட்டேன். நாளைக்குத் திருப்பிக் குடுத்துடலாம், நாளைக்குக் குடுத்துடலாம்னு நெனைச்சேன், குடுக்கல. பத்தொம்பதாம் நாள் காலையில துணி தொவைக்கிற கல்லுகிட்ட அக்கா மார்பைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துச்சு. நாகப்பட்டினம் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

கருமாதி வரைக்கும் நான் அந்த வீட்டு வாசல்ல நின்னு அழுதேன். மாலதி என்னைக் கட்டிக்கிட்டு அழுதுச்சு. போன் விசயத்தை நான் வாயைத் திறக்கல. யாருகிட்ட போய் என்னன்னு சொல்றது?

மாசி மாசம் அவரு வீட்டுல நெட் மெதுவா வந்திருக்கு. லைன் பாக்குற அப்துல் ரஹ்மான் கீழ்வேளூர்லேருந்து வந்து எல்லாத்தையும் சோதிச்சுட்டு, வேற யாராச்சும் உங்க நெட்டை இழுக்கலாம், நீங்களே பாத்துக்கங்கன்னு அவரு போன்ல ஒரு ஆப் போட்டுக் குடுத்துட்டுப் போனாரு. யாரு யாரு அந்த வைஃபைல இருக்காங்கன்னு அதுல பேரோட வருமாம். தலையாரிக்கு வேற என்ன வேணும்? ஒரு நோட்டுல கோடு போட்டு, அடங்கல் எழுதுற மாதிரியே பேரு, வந்த நேரம், போன நேரம்னு எழுத ஆரம்பிச்சுட்டாரு. அவரு போன், அவரு டிவி, மாலதி வந்தா மாலதி போன். ரெண்டாம் நாள் மூணு மணிக்கு நான் அடுப்படியில போனை ஆன் பண்றேன், அந்தப் பக்கம் நாற்காலி சாயுற சத்தம்.

"ராஜாத்தி?"

பேர் சொல்லித்தான் கூப்பிட்டாரு. அக்கா இருந்த காலத்துல அவரு பேர் சொல்லி நான் கேட்டதே இல்ல, ஏய்தான், இந்தாதான். எனக்கு முதுகெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. பரிதி அங்கேருந்து அம்மா அம்மாங்குறான், நான் போனைக் கவுத்து மடியில வச்சுக்கிட்டேன். அப்புறந்தான் விளங்குச்சு. அந்தப் போனுக்கு மாலதி அவங்கம்மா பேரையே வச்சிருந்திருக்கு, ஆன் பண்ணதும் அவரு ஆப்ல அந்தப் பேரு வந்திருக்கு. அது எனக்கு எங்க தெரியும், பேரை எங்க போய் மாத்துறதுன்னும் தெரியாது.

மறுநாளிலேருந்து மூணு மணி ஆனா அவரு நாற்காலியைச் சுவத்தோரம் இழுத்துப் போட்டு உக்காந்துடுவாரு. முதல்ல கேள்விதான், போன் கெடைச்சிடுச்சா, யாரு எடுத்துக் குடுத்தா, எந்த வழியா வந்தேன்னு. போகப் போகக் குரல் தணிஞ்சிடுச்சு. உளுந்து நல்லா காய்ச்சிருக்கும்பாரு. மாலதி வந்துட்டுப் போச்சும்பாரு. கடைசியில தெனம் ஒரே பேச்சு, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது ராஜாத்தி, ஒரு போனுக்காகப் பேசிட்டேன். அடுப்படியில நான் சத்தம் காட்டாம பரிதிக்குத் தலையை மட்டும் ஆட்டுவேன். அவரு அக்காகிட்ட பேசப் பேச, அக்கா என் பின்னாடி நிக்குற மாதிரியே இருக்கும். திரும்பிப் பாக்கப் பயந்துக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பேன். பட்டப்பகல்ல, வெளியில கோழி மேயுற நேரத்துல அவ்வளவு பயம்.

ஊரெல்லாம் செத்தவங்க பேரை அடிக்கச் சொன்ன மனுசன், தன் நோட்டுல ராஜாத்தி பேரைத் தெனம் எழுதுனாரு. ஏட்டுல பேரு இருந்தா ஆளு இருக்குன்னே அவரு மனசு எடுத்துக்கிச்சு. எனக்கு எரிச்சலும் வந்துச்சு, யோவ், உயிரோட இருந்தப்ப இந்தப் பேச்சுல கால்வாசி பேசியிருந்தா என்னன்னு. ஆனா யாரு யாரைக் கேக்குறது? அந்தத் திட்டுக்குக் காரணமே நான்தானே.

போதும்டா சாமின்னு பங்குனியில ரெண்டு நாள் போனை ஆன் பண்ணாம விட்டேன். மொத நாள் அந்தப் பக்கம் மூச்சே இல்ல. ரெண்டாம் நாள் செருப்புக்கூடப் போடாம, காய்ஞ்சு கெடந்த வாய்க்கால்ல இறங்கி ராஜாத்தி ராஜாத்தின்னு கூப்பிட்டுக்கிட்டே போயிட்டாரு. உளுந்து பறிச்சுக்கிட்டு இருந்த பொம்பளைங்கதான் கையைப் புடிச்சுக் கூட்டி வந்து விட்டாங்க. காலுல கருவேல முள்ளு ஏறியிருந்துச்சு. அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை. அடுத்த நாள் மூணு மணிக்கு நான் போனை ஆன் பண்ணேன். வந்துட்டியான்னு அவரு கேட்ட குரலைக் கேட்டுட்டு நான் தேம்பித் தேம்பி அழுதேன். அப்புறம் எப்படி நிறுத்துறது?

முள்ளு குத்துன எடம் புண்ணாச்சு, ஆனி மாசத்துல விரல் கறுத்துப் போச்சு. மாலதி ஓடி வந்து பாத்துட்டு நாகப்பட்டினத்துல காட்டுச்சு. உடனே தஞ்சாவூர் கொண்டு போய்ச் சேருங்க, விட்டா முழங்கால் வரைக்கும் எடுக்கணும், அதுக்கும் மேல போனா உயிருக்கே உத்தரவாதம் இல்லன்னுட்டாங்க. அவரு வரமாட்டேன்னு உக்காந்துட்டாரு. கொல்லைச் சுவத்துக்கிட்ட வந்து மாலதி என்கிட்ட அழுதுச்சு.

"அம்மா மூணு மணிக்கு வருவாளாம் சித்தி. இவரு இல்லேன்னா அவ எங்க போவான்னு கேக்குறாரு. செத்தாலும் இங்கதான் சாவேங்குறாரு."

அன்னைக்கு மத்தியானம் போனை வாய்க்கால்ல தூக்கிப் போட்டுட்டா என்னன்னுகூட நெனைச்சேன். போட்டா அவரு மறுபடியும் தேடிப் போவாரு, அந்தக் காலோட. மூணு மணிக்கு ரெண்டு நிமிசம் இருக்குறப்ப போனை ஆன் பண்ணிக் கையில வச்சுக்கிட்டு, பதினோரு வருசத்துக்கு அப்புறம் அந்த வீட்டு வாசப்படி ஏறுனேன். மாலதி அடுப்படியில இருந்துச்சு. அவரு சுவத்தோரம் உக்காந்து, வந்துட்டா, வந்துட்டான்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான் போனை அவரு மடியில வச்சேன்.

மேல உறையில மல்லிப்பூ படம் போட்டிருக்கும், அக்கா போனுன்னு எல்லாருக்கும் தெரியும். அவரு அதைப் பாத்தாரு, தன் போனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு.

"இதை எங்க எடுத்தே?"

"அக்காதான் குடுத்துச்சு அண்ணே. பரிதி முகத்தைப் பாக்கக் குடுத்துச்சு."

"பஸ்ஸுல தொலைக்கலையா?"

"இல்லண்ணே."

கறுத்துப் போன காலைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. என்னை அடிச்சிருந்தாலும் வாங்கிக்கிட்டு நின்னிருப்பேன். அப்புறம் சுவத்தைக் கையால தொட்டாரு.

"நான் பேசுனதெல்லாம் அந்தப் பக்கம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கொல்லைப்பக்கம் வந்து அழுதாளா?"

இல்லன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. ஏற்கெனவே ஒரு பொய்யாலதான் இவ்வளவும் ஆச்சு. அழுதுச்சுன்னு சொன்னேன். தெனம் அழுதுச்சுண்ணே, உங்களைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசலன்னு சொன்னேன்.

தலையை ஆட்டிக்கிட்டாரு. மாலதியைக் கூப்பிட்டு வண்டிக்குச் சொல்லச் சொன்னாரு. காரு வந்து ஏத்துறப்ப போனை என் கையில திருப்பி வச்சாரு.

"அவ உனக்குக் குடுத்தது, நீயே வச்சுக்க. பேரை மட்டும் மாத்திராத."

ரெண்டு விரலை எடுத்தாங்க, கால் தப்பிச்சுது. இப்ப தஞ்சாவூர்ல மாலதி வீட்டுலதான் இருக்காரு. இங்க வீடு பூட்டிக் கெடக்கு, நெட்டை மட்டும் நிறுத்த விடல. அங்கேருந்தும் அந்த ஆப்ல தெரியுமாம். பரிதி எனக்குப் புதுப் போன் அனுப்பிட்டான், அதுலயே நெட் இருக்கு, எங்க வேணா உக்காந்து பேசலாம். ஆனாலும் நான் மூணு மணிக்கு எங்க நடவு நட்டாலும் கரையேறி ஓடியாந்து, அடுப்படியில உக்காந்து பழைய போனை ஆன் பண்றேன். ஒருத்தர்கிட்டயும் பேசுறதில்ல. அரை மணி நேரம் சும்மா கையில வச்சுக்கிட்டு இருந்துட்டு ஆஃப் பண்ணுவேன். பூட்டுன வீட்டுச் சுவத்தோரம் அப்படி உக்காந்திருக்கப் பயமாத்தான் இருக்கு, பொய் சொல்லல.

நேத்து ரெண்டு மணிக்கெல்லாம் கரண்ட் போயிடுச்சு, அதோட அந்த வீட்டு நெட்டும் நின்னு போச்சு. மூணேகாலுக்குத் தஞ்சாவூர்லேருந்து போன் வந்துச்சு. எப்பவும் மாலதிதான் கூப்புடும், நேத்து அவரே கூப்பிட்டாரு. நல்லா இருக்கியான்னு கேக்கல, மழை தண்ணி எப்படின்னு கேக்கல.

"ராஜாத்திக்கு என்னாச்சு?"

அவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறாரு. அக்காவுக்கு ஒண்ணும் இல்லண்ணே, இங்க கரண்ட் இல்லன்னு சொன்னேன். சரின்னு வச்சுட்டாரு.