தலையணை வைத்த பத்து நிமிடம்

பெடலக்கா என்றால்தான் அந்தப் பயிற்சிக்கூடத்தில் ஆளைத் தெரியும். எலும்பு முறிந்தவர்கள், முட்டி மாற்றியவர்கள், ஒரு பக்கம் விழுந்துபோனவர்கள் என்று தினமும் முப்பது பேர் வருவார்கள். அவர்களைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய், சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில் உட்காரவைத்து, பாதத்தைப் பெடலில் வைத்து வாரைக் கட்டிவிடுவது அவள் வேலை. அந்தச் சைக்கிள் எங்கேயும் போகாது. நாற்காலிபோல் முதுகுச் சாய்வும், முன்னால் நீட்டி மிதிக்கப் பெடலும் இருக்கும். பதினாறு வருஷத்தில் ஐந்து பெரிய டாக்டர்கள் வந்து போய்விட்டார்கள். அவளும் சைக்கிளும்தான் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

அந்த வருஷம் பழைய சைக்கிள் உயிரை விட்டது. புதிதாக ஒன்று வாங்குவதற்கு முன்னால், இரண்டு மாடல்களை இரண்டு வாரம் வைத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. ஜன்னலோரம் இரண்டையும் அருகருகே நிறுத்தினார்கள். ஒன்று கறுப்பு. பெரிய திரை, கனமான சக்கரம், எவ்வளவு மிதித்தாலும் சத்தமே வராது. இன்னொன்று சாம்பல். திரை உள்ளங்கை அளவு, வேகம் கூட்டினால் கடகடவென்று முனகும். ஆனால் அதன் இருக்கை பெடலுக்கு மிக அருகில் வரும். குள்ளமானவர்கள்கூட முட்டியை லேசாக மடித்தபடியே மிதிக்கலாம். கறுப்பின் இருக்கையை முன்னால் கடைசிவரை, முதல் எண்ணுக்குத் தள்ளினாலும் ஒரு சாண் எட்டத்திலேயே நிற்கும். கால் எட்டாதவன் மிதித்தால் முட்டி நீண்டு பூட்டிக்கொள்ளும், இடுப்பு வழுக்கும். ஆறியது மறுபடி புண்ணாகும்.

இதெல்லாம் அவளுக்கு வெறும் உத்தியோக விஷயமாக இல்லை. அவள் கணவன் சுவருக்கு வண்ணம் பூசுகிறவன். ஆறு மாதம் முன்பு ஏணியிலிருந்து விழுந்து முட்டிக்கு மேலே எலும்பு இரண்டாகிவிட்டது. ஆள் நல்ல குள்ளம். "தினம் இருபது நிமிஷம் பெடல் மிதிக்கணும், இல்லன்னா முட்டி இப்படியே இறுகிடும், அப்புறம் ஏணியை மறந்துடுங்க" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். ஏணி ஏற முடியாத வண்ணக்காரன் வீட்டில் எப்படி இருப்பான் என்று அவளுக்கு ஆறு மாதமாகத் தெரியும். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவான்.

ஒவ்வொருவரும் இரண்டிலும் பத்துப் பத்து நிமிடம் ஓட்டவேண்டும். அவள் தாளில் எழுதவேண்டும்: இருக்கை எண், நிமிடம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, வலி உண்டா இல்லையா. நான்கே கட்டம்.

முதல் நாளே ஒரு பாட்டியம்மா கறுப்பில் ஏறிக் கால் எட்டாமல் முகத்தைச் சுளித்தார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஓடிப்போய் ஒரு தலையணையை எடுத்து வந்து முதுகுக்குப் பின்னால் சொருகினாள். கால் எட்டியது. "இப்ப நல்லாருக்குடி தங்கம்" என்றார் பாட்டியம்மா. அவ்வளவுதான், அன்றிலிருந்து கட்டையான ஆள் யார் வந்தாலும் தலையணை. பாவம், நோயாளி எதற்கு வலியில் துடிக்கவேண்டும்? பதினாறு வருஷமாக அவள் செய்துவந்ததே அதுதானே, எது எட்டவில்லையோ அதை எட்டவைப்பது.

தாளில் தலையணைக்குக் கட்டம் இல்லை. அவளும் எழுதவில்லை. இருக்கை ஒன்று, நிமிடம் பத்து, வலி இல்லை.

கணவனும் அங்கேதான் பயிற்சிக்கு வந்தான். அவனுக்கு இரண்டு தலையணை தேவைப்பட்டது. ஆனாலும் கறுப்பில் சர்ரென்று மிதித்தான். திரையில் சுற்று ஏற ஏற, ஆறு மாதத்தில் முதல்முறையாகப் பல்லைக் காட்டினான்.

"ஏய், அறுபத்திரெண்டு பாரு! அந்த உயரமான வாத்தியாரே அம்பத்தெட்டுதான்."

"பெரிய பந்தயக் குதிரை, மெதுவா மிதிங்க" என்றாள். உள்ளுக்குள் பெருமைதான். அறுபத்திரண்டு என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

இரண்டாம் வாரக் கடைசியில் பெரிய டாக்டர் தாள்களைப் புரட்டினார். மனுஷர் ஆறடிக்கு மேல். கறுப்பில் உட்கார்ந்தால் அவருக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும்.

"ரெண்டுலயும் எல்லாரும் பத்து நிமிஷம் முடிச்சிருக்காங்க. யாருக்கும் வலி இல்ல. சுற்று கறுப்புலதான் அதிகம். அப்புறம் யோசிக்க என்ன இருக்கு?"

அவளுக்குத் திக்கென்றது. "சார், குள்ளமானவங்களுக்கு நான் தலையணை வெச்சேன்."

"எங்க எழுதியிருக்கீங்க?"

"எழுதல சார்."

"இது உங்க கையெழுத்துதானே? தலையணை வெச்சா ஓட்ட முடியுதுன்னா, வெச்சே ஓட்டட்டும். அதுக்காக கடகடன்னு கத்துற வண்டியை வாங்கச் சொல்றீங்களா?"

மறுநாள் சாம்பலைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் அவள்தான் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மாதம் எப்படியோ ஓடியது. பிறகு ஒருநாள் அதே பாட்டியம்மா மிதிக்கும்போது தலையணை நழுவி, ஆளும் நழுவி, இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். பெரிதாக ஒன்றுமில்லை, கன்றிப்போயிற்று. ஆனால் மறுநாள் காலையில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: இருக்கையில் தலையணையோ துணியோ வைக்கக் கூடாது. பக்கத்திலேயே நீல மையில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே தலை இருந்தால் சைக்கிள் கிடையாது. படுத்தபடி கால் மடக்கும் பயிற்சி மட்டும். அளந்து பார்த்து அனுப்பவேண்டியது பெடலக்கா. படுத்து மடக்கினால் கணவனின் முட்டி பாதிக்குமேல் மடங்காது என்று ஏற்கனவே பார்த்தாயிற்று.

அன்று கணவன் கைத்தடியோடு வந்து, கோட்டை ஏற இறங்கப் பார்த்தான்.

"எந்த மடையன் கோடு போட்டான்? இந்தப் பக்கம் ரெண்டு விரல் எறக்கம். மட்டம் பாக்கத் தெரியாதவன் கையில மையைக் குடுத்தா இப்படித்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் இறக்கமான பக்கத்தில் போய் முதுகை ஒட்டி நின்றான். தலை கோட்டைத் தொட்டது.

"பாரு, இருக்கேன். போலாமா?"

வரிசையில் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். அவர்களில் இரண்டு பேரைக் காலையில்தான் அவள் திருப்பி அனுப்பியிருந்தாள். கெஞ்சிப் பார்ப்போம் என்று மறுபடி வந்திருந்தார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து அவன் காலைப் பார்த்தாள். நல்ல காலின் குதிகால் தரையில் இல்லை. நடுங்கியபடி, முழு உடம்பையும் விரல் நுனியில் தூக்கி வைத்திருந்தான்.

"குதிகாலைக் கீழ வைங்க."

"வெச்சுதான் இருக்கேன்."

"கீழ வைங்க."

அவன் வைத்தான். தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விழுந்தது.

"அன்னைக்கி நீயே ரெண்டு தலையணை வெச்சு ஓட்டவெச்ச" என்றான் மெல்ல. "அறுபத்திரெண்டுன்னு நீயே எழுதின."

"ஆமா, எழுதினேன்" என்றாள்.

அவன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், படுக்கைகள் இருக்கும் பக்கம் போனான். அவள் தாளை எடுத்தாள். புதிய தாளில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள், குறிப்பு என்று. அதில் "உயரம் போதாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஆளைச் சுவரோரம் வந்து நிற்கச் சொன்னாள்.