முகத்துவாரத்தில் இஞ்சினை நிறுத்திப் பார்த்தோம்

அன்று இருந்தவர்கள்: படகுக்காரர் ஏழுமலை. அவரிடம் வேலை செய்த தேசப்பன். இன்னொரு ஆள் சேகர். கரையில் தட்டோடு நின்ற தேவகி, ஏழுமலையின் மனைவி. பிறகு நான், வயர்மேன்.

என் கடை பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைக்கு எதிரே. வீட்டு வயரிங், மிக்ஸி, மோட்டார் பார்த்து வந்தேன். படகு வேலை பிறகு வந்தது. படித்துக் கற்றதில்லை. பிரித்துப் பார்த்துக் கற்றது.

ஏழுமலையின் ஃபைபர் படகு முந்தின மாதம் கடலில் பேட்டரி செத்து நின்றுவிட்டது. இஞ்சின் எடுக்கவில்லை. விளக்கு இல்லை. வேறு படகு கண்டு இழுத்து வரும்வரை மூன்று பேரும் மிதந்து கிடந்தார்கள். கரை ஏறியதும் தேசப்பன் சொல்லிவிட்டார்.

"அண்ணே, ஒங்கூட வரமாட்டேன்னு சொல்லல. இந்த போட்டுல வரமாட்டேன்."

சேகர் அதிகம் பேசமாட்டான். தேசப்பன் எங்கே போகிறாரோ அங்கே போவான். படகின் வலையை இழுக்க மூன்று ஆள் வேண்டும். இரண்டு பேரும் போய்விட்டால் படகு கரையில்தான் கிடக்கும். ஏழுமலைக்கு வேறு தொழில் தெரியாது.

என்னிடம் வந்தார். பழைய வயரை எல்லாம் பிடுங்கிப் போட்டேன். புது பேட்டரி, அதற்குச் சார்ஜ் ஏற்ற புது ஆல்டர்னேட்டர், எல்இடி விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ் செட், தண்ணீர் இறைக்கும் பம்ப். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு மெயின் ஃபியூஸ். இஞ்சினை எடுக்கிற செல்ஃப் பட்டனுக்குப் போகிற வயரும் அதன் வழியாகத்தான். பேட்டரியையும் ஃபியூஸையும் படகின் பின்பக்கம் மூடி போட்ட ஒரே பெட்டியில் வைத்தேன்.

கரையில் எல்லாம் எரிந்தது. தேசப்பன் தலையாட்டவில்லை.

"இங்க எரியும் பாய். கொளத்துல வுட்டா கூட எரியும். முகத்துவாரத்துக்குப் போவோம். இஞ்சினை ஆஃப் பண்ணு. எல்லா லைட்டையும் போடு. அப்பறம் எடு. எடுத்துச்சின்னா நாளைக்கே தொழிலுக்கு வரேன்."

கேட்டது நியாயம். ஒத்துக்கொண்டேன்.

கிளம்பும்முன் தேவகி பூசை செய்தாள். கற்பூரம், தேங்காய். நான் முன்பக்கம் தள்ளி நின்று விளக்கின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் அவள் என்ன செய்தாள் என்று பார்க்கவில்லை.

முகத்துவாரம் வரைக்கும் ஏரி அசையாமல் கிடந்தது. மீட்டரில் சார்ஜ் ஏறியது. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். ஏழுமலைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னா தேசப்பா, எப்டி கீது?"

"நல்லா கீது. ஒரு டிவிய மாட்டிடு. அண்ணிய இட்டாந்து சீரியல் பார்க்கலாம்."

முகத்துவாரத்தில் ஏரித் தண்ணீர் வெளியே கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி அலை வெள்ளையாக மடிந்து விழுந்தது. இஞ்சினை நிறுத்தினேன். எல்லா ஸ்விட்ச்சையும் போட்டேன். எல்லாம் எரிந்தது. ஒரு அலை வந்து படகைச் சாய்த்தது. பெட்டிக்குள் டப் என்று சத்தம்.

விளக்கு போயிற்று. ஜிபிஎஸ் போயிற்று. செல்ஃப் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் இல்லை.

ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. தேசப்பனைப் பார்த்தார்.

"நங்கூரத்தப் போடுடா" என்றார் தேசப்பன்.

சேகர் போட்டான். அது மணலைக் கீறிக்கொண்டே வந்தது, பிடிக்கவில்லை. படகு அலை மடிகிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் பெட்டியைத் திறந்தேன். மிளகாய் தீய்ந்த நெடி. நான்கு பேரும் தும்மினோம்.

உள்ளே ஒரு திருஷ்டி. எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், கரித்துண்டு, எல்லாம் ஒரு இரும்புக் கம்பியில் கோர்த்தது. பெட்டிக்குள் தொங்கவிட்டிருந்தது. ஏரியில் அது ஆடவில்லை. இங்கே ஆடிவிட்டது. கம்பியின் ஒரு முனை ஃபியூஸ் திருகிலும் மறுமுனை பேட்டரி மைனஸிலும் பட்டிருக்கிறது. கம்பி கருகியிருந்தது.

அதை அவிழ்த்து வெளியே வைத்தேன். சட்டைப் பையில் மாற்று ஃபியூஸ் இருந்தது. போட்டேன். பட்டனை அழுத்தினேன். இஞ்சின் எடுத்தது. சேகர் நங்கூரத்தைத் தூக்க, ஏழுமலை படகை ஏரிப் பக்கம் திருப்பினார். ஆபத்தில்லாத இடத்துக்கு வந்ததும் சுக்கானைச் சேகரிடம் கொடுத்துவிட்டு அந்தத் திருஷ்டியை எடுத்துக் கையை ஓங்கினார்.

"வூட்டுக்குப் போயி இவள..."

தேசப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்த ஏண்ணே தூக்கிப் போடற? நமக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான அண்ணி கட்டிச்சி?"

வாங்கிக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"பாய், திரும்ப அங்கியே போவோம். இன்னொரு தபா ஆஃப் பண்ணு."

"இப்பவா?" என்றார் ஏழுமலை.

"இப்பத்தான். கரைக்குப் போயிட்டா அப்பறம் எனக்குத் தைரியம் வராது."

போனோம். நிறுத்தினேன். எல்லாவற்றையும் போட்டேன். அலை வந்தது, படகு சாய்ந்தது, விளக்கு நின்று எரிந்தது. தேசப்பன் என்னைத் தள்ளிவிட்டு அவரே பட்டனை அழுத்தினார். இஞ்சின் எடுத்தது. அவர் பீடி பற்றவைத்தார்.

கரையில் தேவகி நின்றிருந்தாள். ஏழுமலை வாய் திறக்கும்முன் நான் கேட்டேன்.

"தங்கச்சி, திருஷ்டிய ஏன் கம்பியில கோத்த?"

"நூலு உப்புக் காத்துல இத்துப் பூடுது பாய்."

"பொட்டிக்குள்ள ஏன் கட்டின?"

"போன தபா செத்தது இன்னா? பேட்டரிதான? கெட்டது எங்க கீதோ அங்கதான கட்டணும்? ஏன், இன்னா ஆச்சி?"

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பில்லை. நான் பெட்டிக்கு மூடி போட்டேன், அவளும் அவளுக்குத் தெரிந்த மூடியைப் போட்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் பயம் ஒன்றுதான். மின்சாரம் கம்பியில் ஓடும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன், நடந்ததையும் சேர்த்து. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தேசப்பன் சிரித்துவிட்டார்.

"வுடு அண்ணி. நீ கட்டினதுல மொளகா நெடிக்கே பேய் ஓடிப் பூட்ச்சி."

அன்று சாயந்திரமே பெட்டிக்கு வெளியே, மூடிக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் கொக்கி அடித்தேன். திருஷ்டி கோர்க்க மீன்பிடி நைலான் நரம்பு கொஞ்சம் வெட்டிக் கொடுத்தேன். அது இற்றுப்போகாது, கரண்டும் ஓடாது.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். படகுக்குப் பூசை முடிந்த பிறகு சோதனைக்குப் போ. போகும்முன் பெட்டியை ஒருமுறை திற. படகில் நீ வைத்தது மட்டும் இருக்காது, வீட்டில் காத்திருக்கிறவர்கள் வைத்ததும் இருக்கும். அதற்கும் ஒரு இடம் விட்டு வயர் இழு.

மறுநாள் விடியலில் நானும் கரைக்குப் போனேன். ஏழுமலை வலையை ஏற்றிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேசப்பன் வந்தார், சேகர் வந்தான். அவர்களுக்குப் பின்னால் தேசப்பனின் மச்சான், சோற்றுத் தூக்கோடு.

"சும்மா குந்தினு கீறான்ணே. இவனையும் இட்டுனு போலாம்" என்றார் தேசப்பன்.

படகு கிளம்பும்போது கரையில் நின்று எண்ணினேன். நான்கு பேர்.