ரன்னிங் பேக்குக்கு முன்னால் ஓடுபவர்கள்

இன்று அக்கா குடும்பத்தோடு லண்டனில் விம்பிள்டன் கோயிலுக்குப் போனேன்.

அத்தானும் டொரொண்டோவிலிருந்து வந்திருக்கும் அவருடைய தம்பியும் ட்ரெயினில் ஏறியது முதல் ஒரே சண்டை. அமெரிக்கன் ஃபுட்போலில் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக்குகளில் ஒரே சீசனில் ஓடிய தூரத்தில் யாருடைய சாதனை பெரியது?

"அந்தக் காலத்தில மேட்ச் குறைவு. அதிலயும் அவ்வளவு தூரம் ஓடினவன்தான் வீரன்," என்றார் அத்தான்.

"இப்ப டிஃபென்ஸ் எவ்வளவு கடுமை தெரியுமோ, அண்ணை?" என்றான் தம்பி.

விம்பிள்டனில் இறங்கினால் பிளாட்பாரம் முழுக்கச் சனம். அக்கா பிள்ளையின் தள்ளுவண்டியோடு "சொறி, சொறி" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். அந்த இடைவெளியில் இருவரும் கைவீசி நடந்தார்கள். பேச்சு நிற்கவில்லை.

லிஃப்டடியில் அக்கா திரும்பினாள்.

"நானும் டிவியில பாக்கிறனான். பந்தோட ஓடுறவைக்கு முன்னால இடிபட்டு வழி எடுத்துக் குடுக்கிற ஆக்களில ஒராளின்ர பேர் சொல்லுங்கோ பாப்பம்."

இருவரும் கூரையைப் பார்த்தார்கள். அத்தான் மெல்ல போனை எடுத்தார். அந்தக் கையில் அக்கா தள்ளுவண்டியைக் கொடுத்தாள்.

"இனி நீங்கள் முன்னால போங்கோ."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, நானும் அவ்வளவு தூரமும் அக்காவின் பின்னால்தான் வந்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் முன்னால் போகிறவர் யார்? கூகிள் பண்ணாமல் சொல்லுங்கள்.