சுகந்தி என்ன சாப்பிட்டாள்?

அந்தத் திரைக்கென்று ஒரு மணம் இருந்தது. வெங்காயமும் பழைய எண்ணெயும், கலியாண வீடொன்றுக்குப் போகிற வழியில் வந்து இருந்துவிட்டுப் போன யாரோ ஒருத்தியின் அத்தரும், துவைத்துச் சரியாகக் காயாத துணியின் புளிப்பும் ஒன்றாய் ஊறிய மணம். விலக்கிக்கொண்டு உள்ளே போன கைகள் தொட்டுத் தொட்டு அதன் ஓரம் தோல்போலத் தடித்திருந்தது. தெமட்டகொடையில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டியதும் வருகிற ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் அது தொங்கியது. கீழே முழுக்க ஆண்கள். மேலே, திரைக்குப் பின்னால், "ஃபமிலி ரூம்". பெண்கள் வீட்டுக்காரரோடு வந்தால் ஒதுங்கி இருந்து சாப்பிடுகிற இடம். நாங்கள் வீட்டுக்காரர் ஒருவருமில்லாமல் மூன்று பெட்டைகள் அங்கே ஏறிப் போனோம்.

காசுமேசையில் இருந்தவர் முதல்நாள் எங்களை மறித்தார்.

"ஃபமிலி எங்க?"

"நாங்கதான் நானா ஃபமிலி," என்றாள் பரீனா. "இவ மாமி, அவ மருமக. நான் இதுகள் ரெண்டுக்கும் நடுவுல மாட்டின மூத்த மக."

"ஒன்ட வாப்பாட்ட செல்லட்டா?"

"செல்லுங்களேன். ஒங்கட கடையில ரோல்ஸ் சின்னதாகிட்டுன்னு அவரும் செல்லுவாரு."

பிறகு அவர் எங்களை மறிக்கவேயில்லை. படியேறும்போது, "ஆ, மாமியும் மருமகளும் வந்தாச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வரும்.

பரீனா தெமட்டகொடைக்காரி. நான் கொட்டாஞ்சேனை. சுகந்தி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு "லொட்ஜ்" அறையில் தாயோடு தங்கியிருந்தாள்; சின்னத் தம்பி ஊரில் அம்மம்மாவோடு. அந்த லொட்ஜில் இருந்த எல்லோரும் ஏஜென்டுக்குக் காசு கட்டி ஏதோவொரு வெளிநாட்டுக்குப் போவதற்காகவே இருந்தார்கள், கட்டிலுக்கடியில் கட்டிய பெட்டியும் பெட்டிக்கு மேல் உலரப்போட்ட துவாயுமாக. எங்களை ஒன்றாக்கியது வெள்ளவத்தையில் நடந்த ஒரு இங்கிலிஷ் வகுப்பு. யுத்த காலம், எங்களுக்கு அப்போது பதினேழு வயது. வகுப்பு முடிந்தால் பசிக்கும். வெள்ளவத்தையில் எந்தக் கடைக்குள் தலையை நீட்டினாலும் அங்கே யாரோ ஒரு மாமா தோசை தின்றுகொண்டிருப்பார், அவர் வாய் துடைத்து வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே நாங்கள் பஸ் ஏறினோம். தெஹிவளையில் ஒருநாள், கொட்டாஞ்சேனையில் கோயிலடிக்குப் பின்னால் ஒருநாள், கொலன்னாவைப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகள் தெரிகிற ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒருநாள். நகரத்தை நாங்கள் படித்தது வயிற்றால்தான். ஆனால் திரும்பத் திரும்பப் போனது தெமட்டகொடைக்கு, அந்தத் திரைக்காக. அதற்குப் பின்னால் எவரும் எங்களைப் பார்க்கவில்லை. அடையாள அட்டை கேட்கவில்லை. எந்த ஊர் என்று கேட்கவில்லை.

சுகந்தி வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடமாட்டாள். அவளுடைய அம்மா, எங்களுக்கு அன்ரி, மகளின் பயணம் நல்லபடி முடியவேண்டுமென்று வெள்ளிக்கு வெள்ளி ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு விரதம் பிடித்துவந்தார். மகளும் சைவமாக இருக்கவேண்டும் என்பது நேர்த்தி. ஆகவே வெள்ளிகளில் நாங்கள் கொத்து ரொட்டியை அள்ள, அவள் வெறும் ரொட்டியைப் பருப்பில் தொட்டு, எங்கள் தட்டுகளைப் பாராமல் திரையைப் பார்த்துக்கொண்டு மெல்லுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கோழிக் கொத்து கேட்டாள்.

"ஏய், வெள்ளிக்கிழம புள்ள. மறந்திட்டியா?" என்றாள் பரீனா.

"ஒண்டும் மறக்கேல்லை. பசிக்குது."

முழுத் தட்டையும் சாப்பிட்டாள். நான் ஒதுக்கிவைத்திருந்ததையும் இழுத்தெடுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக வழித்தாள். "என்னடி, நாளைக்கு உலகத்தில சோறு இல்லையோ?" என்று நான் நக்கலடித்தேன், அவள் சிரிக்கும்போது மூக்குநுனியில் வெங்காயத் துணுக்கொன்று ஒட்டியிருந்தது, அதை நாங்கள் சொல்லாமல் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். பொரளையில் பஸ் மாறும்போது கையைக் காட்டினாள். எப்போதும் காட்டுவது போலத்தான்.

"வெளிக்கிடுற நாளைக் காத்துக்கும் சொல்லக்கூடாது" என்பது அந்த லொட்ஜின் வேதம். சொன்னால் கண்ணூறு படும், யாராவது காட்டிக்கொடுப்பார்கள், பாதி வழியில் திருப்பியனுப்பப்பட்டால் முகம் காட்ட இயலாது. அதனால் கொழும்பில் அந்நாட்களில் எத்தனையோ பேர் விடைபெறாமலே போனார்கள். அடுத்த வகுப்புக்கு அவள் வராதபோது லொட்ஜுக்குப் போனோம். அன்ரி தனியே இருந்தார். "அவள் மாமியாக்களைப் பாக்கப் போட்டாள்" என்றார், கண்ணைத் தாழ்த்தாமல். அவள் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுவிட்டாள் என்று எங்களுக்கு விளங்கியது. சந்தோஷமாகத்தான் திரும்பினோம்.

ஏதோ ஒரு குளிர்நாட்டிலிருந்து ஒருமுறை அழைப்பு வந்ததாம். "சரியான குளிர் அம்மா" என்றாளாம். அதன்பிறகு ஒன்றுமில்லை. ஏஜென்டின் தொலைபேசி முதலில் எடுபடவில்லை, பிறகு அந்த எண்ணை வேறு யாரோ எடுத்தார்கள். அவளோடு போனவர்கள் என்று எவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாதங்கள் போய் ஒரு பின்னேரம் அன்ரி வகுப்பு வாசலில் நின்றார். பக்கத்துச் சைவக்கடைக்குள் கூட்டிப்போனோம், தேத்தண்ணியைத் தொடவில்லை. சாத்திரி ஒருவரிடம் போயிருக்கிறார். அவர் பாக்குச் சீவலைப் பரப்பிப் பார்த்து, "விரதம் எங்கேயோ குழம்பியிருக்கு, அதுதான் பயணம் குழம்பினது" என்று சொல்லியிருக்கிறார்.

"பிள்ளையள், வெளிக்கிட்ட அண்டைக்கு, வெள்ளிக்கிழமை, அவள் உங்களோடதானே வந்தவள்," என்றார். "என்ன சாப்பிட்டவள்?"

என் நாக்கு "தோசை" என்று சொல்ல எழுந்துவிட்டது. எந்த நல்ல பிள்ளையும் அதைத்தான் சொல்லியிருக்கும். பரீனா முந்திவிட்டாள்.

"கொத்து, அன்ரி. கோழி."

அன்ரியின் கை மேசையில் அப்படியே கிடந்தது. பக்கத்து மேசையில் யாரோ சாம்பார் கேட்டுக் கத்தினார்கள். நான் பரீனாவின் காலை மிதித்தேன், அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"கொஞ்சமாத்தானே?" என்றார் அன்ரி.

"இல்ல அன்ரி. முழு பிளேட். இவட பிளேட்டில மிச்சம் ஈந்ததையும் அவதான் தின்ட. வெரல வழிச்சி வழிச்சித் தின்ட."

அன்ரி முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"ருசியா இருந்ததாமோ?"

"மூக்கில வெங்காயம் ஒட்டினதும் தெரியாமத் தின்ட."

அவர் சிரித்தார். அல்லது வேறேதோ, அந்தச் சத்தத்துக்கு இன்னும் எனக்குப் பெயர் தெரியாது. "அப்ப வயிறு நிறைஞ்சுதான் வெளிக்கிட்டிருக்கிறாள்," என்றார். "சாத்திரி கிடக்கட்டும். அந்தக் கடையை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ."

காட்டினோம். வாழ்நாளில் மச்சம் தொடாத அந்த மனுசி திரையை விலக்கி, மகள் இருந்த கதிரை எது என்று கேட்டு, அதற்கு எதிரே இருந்து வெறும் தேத்தண்ணி குடித்தார். அன்று தொடங்கியது. தெஹிவளைக் கடை, கொட்டாஞ்சேனைக் கடை, கொலன்னாவைத் தேத்தண்ணிக் கடை. மகள் போன இடமெல்லாம் அன்ரி எங்களோடு வந்தார், ஒன்றைப் பார்த்து முடித்ததும் நிறுத்துவார் என்று நினைத்தோம், நிறுத்தவில்லை. எங்களுக்குக் கலியாணமாகி, பிள்ளைகளாகி, பரீனாவின் தலைத்துணிக்குள் நரை வந்தபிறகும் மாதத்தில் ஒரு பின்னேரம் அவரோடு எங்கேயாவது இருந்து சாப்பிட்டோம். அன்ரி பேசக் கற்ற சிங்களம் "சீனி அடுவென்" மட்டும்தான், சீனி குறைத்துப் போடச் சொல்ல. வளர்ந்து கனடாவுக்குப் போய்விட்ட மகன் எத்தனையோ முறை கூப்பிட்டான். "அவள் வந்தால் லொட்ஜுக்குத்தானே வருவாள்" என்பார். லொட்ஜை இடித்துத் தொடர்மாடி கட்டினார்கள். அதே ஒழுங்கையில் ஒரு சின்ன அறை எடுத்துக்கொண்டார்.

தெமட்டகொடைக் கடையும் இப்போது இல்லை. அந்த இடத்தில் வாகன உதிரிப்பாகம் விற்கிறார்கள். "ஃபமிலி ரூம்" என்ற சொல்லையே என் மகள் விசித்திரமாகக் கேட்கிறாள். அவளும் சிநேகிதிகளும் காலி வீதியில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், தெருவே பார்க்க இருந்து சாப்பிடுகிறார்கள், தட்டைப் படமெடுத்து அந்தக் கணமே எங்கே இருக்கிறோம் என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறார்கள். நல்லதுதான். ஒளிந்திருந்து சாப்பிடத் தேவையில்லாத பிள்ளைகள். சொல்லாமல் போகத் தேவையில்லாத பிள்ளைகள்.

சென்ற மாரியில் அன்ரி போய்விட்டார். நித்திரையில்.

எட்டுச் செலவுக்கு நாங்கள் போயிருந்தோம். இறந்தவருக்கு விருப்பமானதையெல்லாம் இலையில் படைக்கிற நாள் அது. கனடாவிலிருந்து வந்த மகனுக்குத் தாயின் விருப்பம் எதுவும் தெரியவில்லை, எங்களிடம்தான் கேட்டான். உழுந்து வடை, வாழைக்காய்ப் பொரியல், சீனி குறைந்த தேத்தண்ணி என்று நாங்கள் சொல்லச் சொல்ல வைத்தான். நல்ல பிள்ளை. வைத்து முடித்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு தலைவாழை இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தான்.

"அக்காவுக்கும் சேர்த்துச் செய்து முடிச்சுவிடுவம். அம்மா இருக்கும்வரை விடேல்லை," என்றான். "அவ போகேக்க நான் சின்னப் பொடியன், ஒண்டும் ஞாபகமில்லை. அவவுக்கு என்ன பிடிக்கும் அக்கா? கடையிலையாவது வாங்கிப்போட்டு வாறன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் பரீனாவைப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு தாயின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னவள், சாம்பிராணிப் புகைக்குள் அந்த வெறும் இலையைப் பார்த்தாள். கோழிக் கொத்து என்று சொல்லிவிட்டால் அந்த இலை நிறைந்துவிடும். நிறைந்தால் அவளும் இறந்தவள் என்று முடிந்துவிடும்.

"அவ வந்தா, அவட்டயே கேளுங்க தம்பி," என்றாள் பரீனா.

அவன் இலையில் தெளித்த தண்ணீரைக் கையால் துடைத்து, நரம்பு முறியாமல் மெதுவாக மடித்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் எங்களிடம் நீட்டினான்.