தேவசகாயம் தன் மேல் வாங்கிக்கொண்ட அடி

தேவசகாயம் போய்விட்டார் என்று வியாழக்கிழமை காலை பக்கத்து டயர் கடைக்காரர் வந்து சொன்னபோது, என் வாயில் முதலில் வந்தது ஒரு கெட்ட வார்த்தைதான். சொல்லாமல் கொள்ளாமல் போக அந்த மனுஷனுக்கு என்ன அவசரம்? பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரே மோட்டார் சைக்கிள் பட்டறையில் பல வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். அவருடைய கோபம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்பேனரைக் கையில் கொடுக்க மாட்டார், எறிவார்.

குள்ளமானவர்கள் எங்களைத்தான் தேடி வருவார்கள். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றிவிட்டு நீளம் குறைந்ததை மாட்டினால் சீட் இறங்கும், கால் தரையில் ஊன்றும். ஆனால் தேவசகாயம் ஒரு சட்டம் வைத்திருந்தார். வண்டிக்காரரை முன்னால் உட்காரவைத்து, பின் சீட்டில் தன் பெரிய உடம்போடு ஏறி, தொம் தொம் என்று குதிப்பார். "டயரு மட்கார்டுல பட்டா அது வண்டி இல்லடா, பாடை" என்பார். அவர் குதிக்காமல் ஒரு வண்டியும் வெளியே போகாது.

குமாஸ்தா பெஞ்சமின் வண்டிக்கு ஷாக் மாற்றி முடிந்த சனிக்கிழமை, தேவசகாயம் ஒரு கல்யாணத்துக்கு ஆனேக்கல் போயிருந்தார். காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. ஒல்லியான பெஞ்சமினை மட்டும் உட்காரவைத்துப் பார்த்தேன், டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி இருந்தது. கொடுத்தனுப்பிவிட்டேன். மறுநாள் பூசை முடிந்து, மனைவி ரோஸியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது ஒரு பள்ளம். மட்கார்டுக்குள் நீட்டியிருந்த போல்ட் டயரைக் கவ்வி, சக்கரம் பூட்டிக்கொண்டது. ரோஸியின் தாடை உடைந்தது. கோயிலில் பாடிக்கொண்டிருந்த பெண். அதோடு பாட்டு போயிற்று.

திங்கட்கிழமை காலை தேவசகாயம் விஷயத்தைக் கேள்விப்பட்டார். கழற்றிப் போட்டிருந்த பழைய ஷாக்கை எடுத்து என் முகத்தில் அடித்தார். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. "ஒரு நாள் பொறுக்க முடியலியாடா, கொலகாரா! என் வெயிட்டு எதுக்குடா இருக்குது?" மறுபடி ஓங்கினார். நான் தடுக்கவில்லை.

அந்த நேரத்தில் ரோஸியின் அண்ணன்மார் இருவர் சைக்கிள் செயினோடு உள்ளே நுழைந்தார்கள். "ஷாக்கு மாட்டுனவன் எவன்டா?"

தேவசகாயம் கையிலிருந்ததைக் கீழே போட்டார். "நான்தான். இவன் மேல கைய வெச்சீங்க, கொன்னுடுவேன்."

அவர் நினைத்திருந்தால் இருவரையும் தூக்கி ரோட்டில் வீசியிருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். செயின் மாறி மாறி விழுந்தது. இடது காது கிழிந்தது, மூன்று பல் தரையில் கிடந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு பார்த்தேன். வாயே திறக்கவில்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

அவர்கள் போனதும், "ஏண்ணா இப்படி?" என்று அழுதேன். "உனக்கு நான் அடிச்சது போதும். வாய மூடு" என்றார். மூடினேன். அன்றிலிருந்து ஊர் அவரைத்தான் ரோஸியின் பாட்டைக் கெடுத்தவர் என்றது. அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அப்போதும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை கல்லறையில், ரோஸியின் மூத்த அண்ணன் ஒரு பிடி மண் போடாமல் திரும்பிப் போனதைப் பார்த்தேன். ஐயா, இதைப் படித்தால் கேளுங்கள். அந்த ஷாக்கை மாட்டியவன் நான். இன்னும் அதே பட்டறையில்தான் இருக்கிறேன், வாருங்கள். தேவசகாயம் அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பது இந்தப் புருவத் தழும்பு ஒன்றுதான். அன்றைக்கு விழுந்த அடிகளில், சரியான ஆள் மேல் விழுந்தது அது மட்டும்தான்.