‘நம்பு’ என்கிற பொத்தான்

ஆம்புலன்ஸ் நிலையத்தின் பின்னறையில் உட்கார்ந்து, ஓட்டுநர்களுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருளைக் கட்டி மேய்க்கிற மனுஷனுக்கு ‘சந்தேகம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டிலும் அதே லட்சணம்தான். கதவைத் தட்டும் பெண்டாட்டியையே "யாரு?" என்பார். "ம்ம், உங்க ரெண்டாவது பொண்டாட்டி!" என்பாள் அவள்.

அந்த வாரம் சர்வரை மாற்றினார்கள். புது சர்வர் தன்னை யாரென்று காட்ட ஒரு புதுச் சான்றிதழ். ஓட்டுநரின் போன் முதல் தடவை, ‘இந்தச் சான்றிதழை நம்பலாமா?’ என்று கேட்கும். கீழே ‘நம்பு’ என்று ஒரு பொத்தான். அதைத் தொடுமுன் தனக்குப் போன் போட்டு, சான்றிதழின் கடைசி எழுத்துகளை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சந்தேகத்தின் கட்டளை. நோயாளியின் பெயர், வியாதி, வீட்டு எண் எல்லாம் இந்த வழியாகத்தான் போகும். நடுவில் எவனாவது சர்வர் வேஷம் கட்டினால், அத்தனையும் அவன் கைக்குப் போய்விடும்.

காலையில் மூத்த ஓட்டுநர் கூப்பிட்டார். பெண்டாட்டியின் அண்ணன்தான்.

"மாப்ள, மூச்சுத்திணறல் கேஸு. விலாசம் வரமாட்டேங்குது. நம்புன்னு அமுக்கிடவா?"

"எழுத்தைப் படிங்க."

"அங்க ஒரு உயிரு இழுத்துக்கிட்டு கிடக்கு, உனக்கு எழுத்து கேக்குதா?" முனகிக்கொண்டே படித்தார். "ஒன்பது, டி, மூணு..."

ஒத்துப்போகவில்லை. சந்தேகத்தின் திரையில் இருந்த எழுத்துகள் வேறு.

"கையை எடுங்க மச்சான். எங்க நிக்கிறீங்க?"

"பெட்ரோல் பங்க்ல. வைஃபை சும்மா குடுக்குறான்."

"அதை முதல்ல அணைங்க. விலாசத்தை வாயாலயே சொல்றேன், வண்டியை எடுங்க."

சொன்னார். வண்டி பறந்தது. நோயாளி பிழைத்துக்கொண்டார்.

அந்த வைஃபையில் உட்கார்ந்திருந்தது திருடனா, வெறும் கோளாறா என்று கடைசிவரை தெரியவில்லை. பிறகு சிம் இணைப்பில் மச்சான் படித்துக் காட்டியபோது எழுத்துகள் அச்சு அசலாகப் பொருந்தின.

மதியம் மச்சான் பின்னறைக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். "ஏன் மாப்ள, இத்தனை வருஷம் பழகியும் என்னை நம்ப மாட்டியா?"

"உங்களை நம்புறேன் மச்சான். உங்க கட்டைவிரலைத்தான் நம்பல."

சரியான சான்றிதழை மென்பொருளுக்குள்ளேயே பதித்துவிட்டு, அன்றைக்கே அந்த ‘நம்பு’ பொத்தானையே தூக்கிவிட்டார் சந்தேகம். இனி பொருந்தாவிட்டால் இணைப்பே கிடையாது, கேள்வியும் கிடையாது.